கிட்டாரின் கரகரப்பில் டையோடுக்கு எவ்வளவு பங்கு?

பிளஸ் டூவில் இயற்பியல் எடுத்தவர்கள் எல்லோரும் ஒரு வரைபடத்தைக் கட்டாயம் வரைந்திருப்பார்கள். பி-என் சந்தி டையோடுக்கு முன்னோக்குச் சார்பில் வோல்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, மில்லி அம்மீட்டரில் கரண்டைப் படித்து, கிராஃப் தாளில் புள்ளிகளை இணைக்கும் செய்முறை அது. கோடு முதலில் தரையை ஒட்டியே போகும். பிறகு ஓரிடத்தில் வளைந்து செங்குத்தாக ஏறும். உத்திரமேரூர்ப் பள்ளி ஆய்வகத்தில் வரைந்தாலும் சென்னைக் கல்லூரியில் வரைந்தாலும் அந்த வளைவு ஒன்றுதான். மதிப்பெண்ணுக்காக வரைந்துவிட்டு நாம் மறந்துபோன அந்த வளைவை வைத்துத்தான், உலகம் முழுக்க எலெக்ட்ரிக் கிட்டார்க்காரர்கள் ஐம்பது ஆண்டுகளாக வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கிட்டாரின் ஒலியைக் கரகரக்கச் செய்யும் டிஸ்டார்ஷன் பெடலில் எந்த டையோடு போட்டால் எந்த ஒலி வரும் என்பதே அந்த வாதம். ஜெர்மானியம் இதமாக ஒலிக்கும், சிலிக்கான் வெட்டும், எல்.இ.டி. விரிந்து முழங்கும் என்பது பரவலான நம்பிக்கை. பெடல் செய்யும் பையன்களும் இதைத்தான் சொல்கிறார்கள், மெல்லிசைக் குழுக்களில் வாசிக்கும் கிட்டார்க்காரர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் பொருளின் பெயரில் எழுதப்பட்டிருக்கும் புகழில் பெரும்பகுதி வேறு மூன்று காரணங்களுக்குச் சேர வேண்டியது என்பது என் முடிவு. டையோடு எத்தனை வோல்ட்டில் திறக்கிறது, சர்க்யூட்டில் எந்த இடத்தில் நிற்கிறது, அதற்கு முன்னும் பின்னும் என்ன ஃபில்டர் இருக்கிறது என்பவைதான் அவை.

முதலில் நடப்பது என்ன என்று பார்ப்போம். கிட்டாரின் பிக்கப்பிலிருந்து வரும் சிக்னல் மிகச் சிறியது. சாதாரணமாகத் தட்டினால் சில நூறு மில்லி வோல்ட்டுக்குள் அடங்கிவிடும். பெடலுக்குள் இருக்கும் ஆப்-ஆம்ப் ஐ.சி. அதை நூறு மடங்கு, இருநூறு மடங்கு பெருக்கப் பார்க்கும். 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ஐ.சி.யால் மேலே 4 வோல்ட், கீழே 4 வோல்ட் அளவுக்குத்தான் ஆட முடியும். அந்தப் பாதையில் இரண்டு டையோடுகளை எதிரெதிர் திசையில் தரைக்கு இணைத்துவிட்டால், அலையின் மேடு ஒரு டையோடு வழியாகவும் பள்ளம் இன்னொன்றின் வழியாகவும் வடிந்துவிடும். வட்டமாக இருந்த அலை முனை மழுங்கிச் சதுரத்தை நோக்கிப் போகும். அப்படி மழுங்கும்போது, கம்பியில் இல்லாத புதிய மேற்சுரங்கள் பிறக்கின்றன. அவற்றைத்தான் கரகரப்பு என்று காது கேட்கிறது.

இந்த ஒலிச் சுவையை நாம் மேற்கிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. தம்புராவின் குதிரைமேல் கம்பிக்கு அடியில் ஜீவா நூலைத் தள்ளித் தள்ளிச் சரியான இடம் தேடுவதும் இந்த வேலைதான். கம்பி அதிரும்போது குதிரையின் சரிவில் ஒரு பக்கம் மட்டும் உரசி உரசி மீள்கிறது. அதன் அசைவு ஒரு திசையில் தடைப்படுகிறது. சி.வி. ராமன் 1921-இல் வீணை, தம்புரா பற்றி எழுதிய ஆய்வில், கணுப்புள்ளியில் மீட்டினால் காணாமல் போக வேண்டிய சீரிசைகள் தம்புராவில் போகாமல் ஒலிப்பதைக் காட்டினார். யங்கும் ஹெல்ம்ஹோல்ட்சும் சொன்ன விதி அங்கே செல்லுபடியாகவில்லை. மிருதங்கத்தின் வலந்தலைத் தோல்களுக்கிடையே துண்டுக் குச்சிகளைச் செருகுவதும் இதே தேடல்தான். நூலை ஓர் இழை நகர்த்தினால் தம்புராவின் ரீங்காரம் மாறுவதைக் கண்டுபிடிக்கும் காது, டையோடின் வளைவு மாறினாலும் கண்டுபிடிக்கும். ஆகவே இது வெளிநாட்டு ஆசைக்காரர்களின் வீண் வாதம் என்று ஒதுக்குவதை நான் ஏற்கமாட்டேன்.

வரலாறு ஒரு பழுதிலிருந்து தொடங்குகிறது. 1961-இல் வெளியான மார்ட்டி ராபின்ஸின் ‘டோன்ட் வொரி’ பாட்டில், ஒலிப்பதிவு மேசையின் கெட்டுப்போன ஒரு சேனல் பேஸ் கிட்டாரைக் கரகரக்க வைத்தது. அந்த ஒலியைப் பெட்டிக்குள் அடைத்து 1962-இல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் வந்தது. 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸின் ‘சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’ அதை உலகறியச் செய்தது. ஃபஸ்-டோன் தந்தது டிரான்சிஸ்டரையே திணறடித்துக் கிடைத்த ஒலி. டையோடை வைத்துத் திட்டமிட்டு முனை மழுக்கும் பெடல்கள் 1969-இல் வந்த பிக் மஃப் காலத்திலிருந்து பெருகின. எழுபதுகள் முடிவதற்குள் எம்.எக்ஸ்.ஆர். டிஸ்டார்ஷன் பிளஸ், பாஸ் ஓ.டி.-1, பாஸ் டி.எஸ்.-1, புரோகோ ராட், ஐபனீஸ் டியூப் ஸ்கிரீமர் என்று இன்றுவரை எல்லோரும் நகலெடுக்கும் சர்க்யூட்டுகள் அத்தனையும் வந்துவிட்டன.

இந்த டையோடையும் டிரான்சிஸ்டரையும் தந்த குறைக்கடத்தியின் கதையில் நமக்கு முன்வரிசையில் இடமுண்டு. கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் கலீனாப் படிகத்தை வைத்துச் செய்த அலையுணர்விக்கு 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. குறைக்கடத்திக் கருவி ஒன்றுக்குக் கிடைத்த முதல் காப்புரிமை அது என்பார்கள். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1962-இல் ஜெர்மானியக் குறைக்கடத்திகளைச் செய்யத் தொடங்கியது. அடுத்த பல ஆண்டுகளுக்கு நம் வீட்டு டிரான்சிஸ்டர் ரேடியோக்களுக்குள் ஜெர்மானியம்தான் இருந்தது. இசைக்குழுக்களுக்காக நடந்த 1970, 1971 சிம்லா பீட் போட்டிகளின் இசைத்தட்டுகளில் இந்திய இளைஞர்களின் ஃபஸ் கிட்டார் ஒலிக்கிறது. இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த காலத்திலும் அந்த ஒலி இங்கே வந்து சேர்ந்திருந்தது.

இனி கேள்விக்கு வருவோம். நல்வாய்ப்பாக, நமக்காகவே யாரோ சோதனை செய்து வைத்ததுபோல இரண்டு சான்றுகள் கிடைக்கின்றன. முதலாவது, டிஸ்டார்ஷன் பிளஸும் டி.ஓ.டி. 250 என்ற பெடலும். இரண்டிலும் ஒரே 741 ஐ.சி., 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், தரைக்குப் போகும் இரண்டு டையோடுகள். சிற்சில மதிப்புகளைத் தவிர சர்க்யூட் ஏறக்குறைய ஒன்றே. முன்னதில் ஜெர்மானியம் 1என்270. பின்னதில் சிலிக்கான் 1என்4148. இரண்டாவது சான்று ராட். அசல் பெடலில் சிலிக்கான், 1989-இல் வந்த டர்போ ராட்டில் சிவப்பு எல்.இ.டி., பிற்பாடு வந்த யூ டர்ட்டி ராட்டில் ஜெர்மானியம். ஒரே பெட்டி, மூன்று டையோடு.

கேட்டுப் பார்த்தவர்கள் மூன்றும் வேறு வேறு என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் எப்படிக் கேட்டார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். ஜெர்மானியம் சுமார் 0.3 வோல்ட்டில் அலையை நிறுத்துகிறது. சிலிக்கான் 0.6, சிவப்பு எல்.இ.டி. சுமார் 1.7. அதாவது குமிழ்கள் எதையும் தொடாமல் ஜெர்மானியத்திலிருந்து சிலிக்கானுக்கு மாறினாலே ஒலி 6 டெசிபல் கூடிவிடுகிறது. அங்கிருந்து எல்.இ.டி.க்கு மாறினால் மேலும் 9 டெசிபல். ஒலி கூடினால் தரம் கூடியதாக எடுத்துக்கொள்வது காதின் இயல்பு. எல்.இ.டி. ‘விரிந்து முழங்குகிறது’ என்ற பாராட்டில் பாதி இந்த 9 டெசிபலுக்குப் போய்விடும்.

மீதிப் பாதி உண்மையானது. அதற்கும் காரணம் எல்.இ.டி.யின் பொருள் இல்லை, வோல்ட்டின் விகிதம். ஆப்-ஆம்ப் 4 வோல்ட் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.3 வோல்ட் ஜெர்மானியத்துக்கு அது பதின்மூன்று மடங்கு. அலை ஏறக்குறைய சதுரமாகிவிடும். 0.6 வோல்ட் சிலிக்கானுக்கு ஆறரை மடங்கு சொச்சம். 1.7 வோல்ட் எல்.இ.டி.க்கு இரண்டரை மடங்குகூட இல்லை. அதனால்தான் எல்.இ.டி. பெடலில் பிக் பட்ட முதல் அடி தனியாகத் தெரிகிறது, மெல்ல வாசித்தால் ஒலி தெளிகிறது. அதே ஜெர்மானியப் பெடலில் பெருக்கத்தைக் குறைத்து, பின்னால் ஒலியைக் கூட்டிக்கொண்டால் அந்தத் தெளிவில் பெரும்பகுதி அங்கேயும் கிடைக்கும்.

பாடநூல் சொல்லும் 0.7 வோல்ட் என்ற எண்ணும் இங்கே கொஞ்சம் வழிதவற வைக்கிறது. அந்த வோல்ட் வரை டையோடு மூடியிருந்து, தொட்டவுடன் திறந்துவிடுவது போன்ற எண்ணத்தை அது தருகிறது. டையோடில் கரண்டு அடுக்குக்குறி விதிப்படி ஏறுகிறது. 1என்4148-ஐ எடுத்துக்கொண்டால், ஏறக்குறைய 0.1 வோல்ட் கூடும்போதெல்லாம் கரண்டு பத்து மடங்காகிறது. 1 மில்லி ஆம்பியரில் அது 0.6 வோல்ட்டை ஒட்டி நிற்கும். 20 மைக்ரோ ஆம்பியரில் 0.4 வோல்ட்தான். பெடல்களுக்குள் ஓடுவது பெரும்பாலும் இத்தகைய சின்னக் கரண்டுகள். ஆகவே டையோடை எவ்வளவு பெரிய ரெசிஸ்டர் வழியாக ஊட்டுகிறோம் என்பதும் அது நிறுத்தும் அளவை மாற்றும். ஒலியளவைச் சமப்படுத்தி, மழுங்கும் அளவையும் சமப்படுத்திய பிறகு, பொருளுக்கென்று மிஞ்சுவது வளைவின் மென்மை மட்டும்தான்.

அந்த மென்மையை எப்படி அளப்பது? வளைவு எத்தனை மில்லி வோல்ட் அகலத்தில் நடக்கிறது, அது நிறுத்தும் வோல்ட்டில் எத்தனை சதவீதம் என்று பார்க்க வேண்டும். 1என்4148-இல் அந்த அகலம் சுமார் 45 மில்லி வோல்ட். 600-இல் அது ஏழு, எட்டு சதவீதம். ஜெர்மானியப் புள்ளித்தொடு டையோடில் அகலம் கொஞ்சம் குறைவு. ஆனால் நிறுத்தும் அளவே 300 மில்லி வோல்ட் என்பதால் விகிதம் பத்துச் சதவீதத்தைத் தாண்டிவிடும். அதன் உள்ளேயே இருக்கும் தொடர் மின்தடையும் முனையை இன்னும் கொஞ்சம் உருட்டுகிறது. ஜெர்மானியம் இதமானது என்ற பேச்சுக்கு அடிப்படை இதுவே, அது வெறும் கற்பனை இல்லை. எல்.இ.டி.யில் விகிதம் மூன்று சதவீதம் அளவுக்கு இறங்கிவிடுகிறது. மழுங்கும் அந்த ஓரம் மூன்றிலும் கூர்மையானது எல்.இ.டி.யில்தான். அடிக்கடி மழுங்குவதில்லை என்பதால் அது மென்மையாகத் தோன்றுகிறது, அவ்வளவே. இரண்டு சிலிக்கானைத் தொடராகப் போட்டால் புதிய குரல் பிறக்கும் என்பாரும் உண்டு. கணக்குப்படி வளைவின் அகலமும் இரட்டிப்பாகிறது, நிறுத்தும் வோல்ட்டும் இரட்டிப்பாகிறது, விகிதம் அப்படியே நிற்கிறது. பெருக்கத்தைப் பாதியாக்கி ஒலியை இரட்டிப்பாக்கினால் கிடைப்பதும் ஏறக்குறைய அதே ஒலிதான்.

இடத்துக்கு வந்தால் வேறுபாடு பெரிதாகிறது. டியூப் ஸ்கிரீமரில் டையோடுகள் தரைக்குப் போகவில்லை; ஆப்-ஆம்பின் பின்னூட்டப் பாதையில் உட்கார்ந்திருக்கின்றன. அங்கே அவை திறக்கும்போது பெருக்கம் குறைந்துகொண்டே வந்து 1-இல் நிற்கும், அதற்குக் கீழே போகாது. கிட்டாரின் அசல் சிக்னல் மழுங்கிய அலையின் மேல் ஏறி எப்போதும் வெளியே வருகிறது. அலையின் தலை ஒருபோதும் தட்டையாவதில்லை. டி.ஓ.டி. 250-இல் இருக்கும் அதே வகைச் சிலிக்கான் இங்கே வந்ததும் குரல் தணிந்து பேசுகிறது. போதாததற்கு, சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப்போகப் பெருக்கம் குறையும்படி செய்திருப்பதால், தடித்த கம்பிகள் குழம்பாமல் நடுச்சுரங்கள் முன்னே வருகின்றன. டியூப் ஸ்கிரீமரின் புகழ்பெற்ற மூக்கொலி இந்த ஃபில்டர் தந்தது. அதில் டையோடை மாற்றிப் பார்த்து ஏமாந்தவர்கள் பலர். ராட்டிலும் பெருக்கத்தை முழுதாகத் திருப்பும்போது, அதிலிருந்த எல்.எம்.308 ஐ.சி.யால் உயர்ந்த அதிர்வெண்களை முழு அளவுக்குப் பெருக்க முடிவதில்லை. அந்த ஐ.சி.யின் தாமதமே டையோடு பார்ப்பதற்கு முன்பே ஒலியை வடிகட்டிவிடுகிறது.

மேலும் கீழும் ஒரே அளவில் வெட்டினால் 3, 5, 7 என்று ஒற்றைப்படைச் சீரிசைகள் மட்டுமே சேரும். ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் இரண்டு டையோடு என்று போட்டால் சமச்சீர் குலைந்து 2, 4 என்ற இரட்டைப்படையும் கலக்கும். 1977-இல் வந்த பாஸ் ஓ.டி.-1 செய்தது இதைத்தான். டையோடின் பொருளை மாற்றுவதைவிட இந்த எண்ணிக்கை மாற்றம் காதுக்குச் சீக்கிரம் தெரிகிறது என்பது என் அனுபவம். தம்புராவின் உரசலும் ஒரு பக்க உரசல் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். வேகமான டையோடு, மெதுவான டையோடு என்ற பேச்சில் சாரம் குறைவு. 1என்4148 நான்கு நானோ விநாடியில் மூடிக்கொள்கிறது. கிட்டாரின் 5,000 ஹெர்ட்ஸ் மேற்சுரம் ஒரு சுற்று முடிக்க 200 மைக்ரோ விநாடி எடுக்கும். மின்சப்ளையில் போடும் 1என்4001 மைக்ரோ விநாடிக் கணக்கில் தாமதிக்கிறது என்பதால் அதில் நூலளவு வேறுபாடு இருக்கலாம். ஷாட்கி டையோடு ஜெர்மானியத்தைப் போலவே குறைந்த வோல்ட்டில் திறக்கும். மாஸ்ஃபெட்டை டையோடாகப் பயன்படுத்துவாரும் உண்டு. 1994-இல் பில் ஃபினகன் வெளியிட்ட க்ளான் சென்டார் பெடலின் ஜெர்மானிய டையோடுகளைப் பற்றிப் புராணமே உருவாகியிருக்கிறது. அந்தப் பெடல் தெளிந்த சிக்னலையும் மழுங்கிய சிக்னலையும் கலக்கும் விதத்தைப் பற்றிப் பேசுவோர் அதைவிடக் குறைவு. பெருமை அந்தக் கலவைக்கே சேர வேண்டும்.

வெயிலைப் பற்றி நம் ஊரில் கேட்காமல் இருக்க முடியாது. சித்திரைக் கத்திரியில் மேடையில் கிடக்கும் இரும்புப் பெட்டிக்குள் சூடு எளிதாக 45 டிகிரியைத் தொடும். டையோடு திறக்கும் வோல்ட் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 2 மில்லி வோல்ட் இறங்கும். 25 டிகிரியிலிருந்து 45-க்குப் போனால் 40 மில்லி வோல்ட் குறையும். சிலிக்கானில் இது அரை டெசிபல் சொச்சம், ஜெர்மானியத்தில் ஒரு டெசிபலுக்குக் கொஞ்சம் மேல். டையோடைப் பொறுத்தவரை கவலைப்பட வேண்டியதில்லை. ஜெர்மானிய டிரான்சிஸ்டர் வைத்த ஃபஸ் பெடல்தான் வெயிலில் தடுமாறும். அதன் கசிவுக் கரண்டு பத்து டிகிரிக்கு ஒருமுறை இரட்டிப்பாகி, பெடலின் நிலைப்புள்ளியையே நகர்த்திவிடும். இங்கே மேடையேறுபவர்கள் ஜெர்மானிய ஃபஸ்ஸுக்குப் பதில் சிலிக்கான் எடுத்துக்கொள்வது நல்லது.

வெயிலைவிடப் பெரிய சிக்கல் ஸ்பீக்கர். இந்தப் பெடல்களை வடிவமைத்தவர்கள் பின்னால் ஒரு கிட்டார் ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது என்று எண்ணிச் செய்தார்கள். அதன் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே சரசரவென்று ஓய்ந்துவிடும். சதுர அலையின் முள் ஒலிகள் அங்கேயே உதிர்ந்துவிடும். உத்திரமேரூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஆடி மாதக் கூழ்வார்த்தல் கச்சேரிகளில் கிட்டார் நேராக மிக்சருக்குப் போய், அங்கிருந்து பெட்டி ஸ்பீக்கருக்கும் ட்வீட்டருக்கும் போகிறது. உதிர வேண்டிய முள்ளெல்லாம் கூட்டத்தின் காதில் விழுகிறது. கிட்டார் இரைச்சலாக இருக்கிறது என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இதற்கு டையோடை மாற்றுவது மருந்தாகாது. பெடலுக்குப் பின்னால் 10 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 3.3 நானோ ஃபாரட் கண்டென்சரும் சேர்த்தால் சுமார் 4,800 ஹெர்ட்ஸிலிருந்து ஒலி இறங்கத் தொடங்கும். சில ரூபாய்ச் செலவில் எந்த ஜெர்மானியமும் தராத இதம் கிடைக்கும்.

இத்தனைக்குப் பிறகும் ஜெர்மானியம் வேண்டும் என்பவர்கள் சென்னை ரிச்சி தெருவில் தேடுவது வழக்கம். 1என்34 என்ற பெயரில் விற்பவற்றில் ஷாட்கியும் கலந்து வருகிறது. மல்டிமீட்டரின் டையோடு நிலையில் வைத்தால் இரண்டும் குறைந்த வோல்ட்டையே காட்டும் என்பதால் அது மட்டும் போதாது. கண்ணாடிக் குழலுக்குள் பூனைமீசை போன்ற நுண்கம்பி தெரிகிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். உள்ளூர் ரேடியோ மெக்கானிக் கடைகளில் ஓரங்கட்டப்பட்ட பழைய செட்டுகளின் டிடெக்டர் பகுதியில் ஓ.ஏ.79 போன்ற அசல் ஜெர்மானிய டையோடுகள் இன்னும் இருக்கும். சேர்த்து வைத்துக்கொள்ளத் தக்கவை. பெடலில் சாக்கெட் வைத்து மாற்றி மாற்றிக் கேட்பதானால், மொபைலிலிருந்து ஒரே சுருதியை ஊட்டி, மல்டிமீட்டரின் ஏ.சி. அளவில் ஒலியைச் சமப்படுத்திவிட்டு, டையோடை மாற்றும் வேலையை இன்னொருவரிடம் கொடுத்துவிட வேண்டும். ஒலியைச் சமப்படுத்தாத ஒப்பீடு எதையும் நான் நம்புவதில்லை.

எனக்கு இதில் மிகவும் ஆர்வமூட்டுவது இதுவரை அதிகம் கேட்கப்படாத ஒரு கேள்வி. இந்தச் சர்க்யூட்டுகள் எல்லாம் கார்டு வாசிக்கும் இசைக்காகப் பிறந்தவை. இரண்டு சுரங்கள் ஒன்றாக மழுங்கும்போது அவற்றின் கூட்டலும் கழித்தலுமான அதிர்வெண்கள் பிறக்கும். ஸ-வும் ப-வும் 3:2 விகிதம் என்பதால் அவற்றின் வேறுபாடு கீழ் ஸ்தாயி ஸ-வாகவே வந்து பொருந்துகிறது. ராக் இசை அந்த இரண்டு சுரக் கார்டையே பிடித்துக்கொண்டதற்கு இது முக்கியக் காரணம். காந்தாரம் சேர்ந்தால் ஒலி கலங்கும். அந்தக் கலக்கத்தைக் குறைக்கவே பெடல் செய்பவர்கள் இத்தனை பாடுபட்டிருக்கிறார்கள்.

கர்நாடக இசையிலோ ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான். இராணிப்பேட்டையில் பிறந்து சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த ஆர். பிரசன்னா, எலெக்ட்ரிக் கிட்டாரில் கர்நாடக இசையை வாசித்துக் காட்டியதோடு, ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்குக் காணிக்கையாக 2006-இல் ‘எலெக்ட்ரிக் கணேசா லேண்ட்’ என்ற இசைத்தொகுப்பையும் வெளியிட்டார். கமகத்துக்குக் கிட்டாரில் பெரிய எதிரி, கம்பி சீக்கிரம் ஓய்ந்துவிடுவது. முனை மழுங்கும் சர்க்யூட் அங்கே துணைக்கு வருகிறது. கம்பியின் அதிர்வு பாதியானாலும் டையோடு திறக்கும் அளவுக்கு மேலே இருக்கும்வரை வெளிவரும் ஒலி ஏறக்குறைய அப்படியே நிற்கும். திறக்கும் வோல்ட் எவ்வளவு தாழ்வோ அவ்வளவு நீளம் கமகம் ஓடும். கார்டுக்காரர்கள் குறையாகச் சொல்லும் ஜெர்மானியத்தின் சீக்கிர மழுங்கல், ஒற்றைச் சுர இசைக்கு வசதியாகிறது. தம்புராவைப் போல ஒரு பக்கம் மட்டும் கூடுதலாக வெட்டும் சமச்சீரற்ற அமைப்பு, மேலே ஒரு ஜெர்மானியம், கீழே ஒரு சிலிக்கான், பின்னூட்டப் பாதையில், பின்னால் 5,000 ஹெர்ட்ஸ் ஃபில்டர் என்று ஒரு பெடலைத் தோடிக்காகவும் பைரவிக்காகவும் வடிவமைத்தால், அதில் காந்தாரத்தின் அசைவு எப்படிக் கேட்கும் என்பதைச் சர்க்யூட் தெரிந்தவரும் ராகம் தெரிந்தவரும் சேர்ந்து உட்கார்ந்து ஆராய வேண்டும். அதற்கு வேண்டிய பாகங்கள் அனைத்தும் ரிச்சி தெருவிலும் நம் ஊர் ரேடியோ கடையிலும் இப்போதே கிடைக்கின்றன.